அவசர மருந்து என்று நான் எழுதிய பலகை

உங்களில் யாருக்கும் முதலாளி கிடையாது. சொந்த வேன், சொந்தப் போன். வருகிற ஹயரை, அதாவது வாடகை ஓட்டத்தை, எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். இருபத்திரண்டு வயதில் நான் இந்த வேலைக்கு வந்தபோது எனக்கும் அதுதான் பெரிய சந்தோஷமாக இருந்தது. என் அப்பா முப்பது வருடம் தோட்டத்துக் கங்காணியின் குரலுக்கு எழும்பியவர். என்னை எழுப்ப எவனும் இல்லை என்று நினைத்து நினைத்து மகிழ்ந்திருக்கிறேன்.

முதலாளி இல்லையென்றால், ‘இன்றைக்குப் போகாதே’ என்று சொல்லவும் ஆள் இல்லை. இது புரிய எனக்கு ஏழு வருடம் எடுத்தது.

கம்பனி லொறி ஓட்டுகிறவர்களுக்கு யார்டில் ஒருவர் இருப்பார். டயரைப் பார்ப்பார், டிரைவரின் கண்ணைப் பார்ப்பார், மழையைப் பார்ப்பார், சாவியை வாங்கி மேசைக்குள் போட்டுவிடுவார். டிரைவர் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்த் தூங்குவார். அவசரச் சாமான் ஏற்றும் நம்மைப் போன்றவர்களைத் தடுக்க மிச்சமிருப்பது இரண்டே பேர். ஒருவர், ரோட்டில் நிற்கும் பொலிஸ்காரர். மற்றவர், நாமேதான். அந்த இரண்டு பேரையும் ஒரே காலையில் வாய் திறக்காமல் ஏமாற்றியவன் நான்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நமது சங்கத்தில் கேட்டார்கள். பிரேக், டயர், பாரம், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தந்த தாளில் இருக்கிறது. அதைப் படியுங்கள். அதில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். எழுதும்போது இப்போதும் கை வேர்க்கிறது. அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கண்டிப் பக்கம், வத்தேகமவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சை தாண்டிய முதல் ஆள். அப்பாவுக்குக் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. வீட்டுக்கு ஒரு கடதாசி வந்தால், அது மின்சார பில்லாக இருந்தாலும், அம்மா சேலையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்குவார். எழுதியிருந்தால் அது உண்மை. எங்கள் லயத்தில் அதற்கு மறுபேச்சு கிடையாது. எனக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அழகாக எழுத வரும். லயத்தில் யாருக்குக் கடிதம் வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நாங்கள் எட்டு வேன்காரர்கள் நிறுத்துவோம். அதில் ஒருவரை எல்லோரும் நானா என்றே கூப்பிடுவோம். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் ஒரு மருந்துக் களஞ்சியத்திலிருந்து மலைப்பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து ஏற்றுகிறவர். ஒருநாள் என்னிடம் ஒரு வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்தார்.

“தம்பி, ஒங்கட எழுத்து நல்லாயிக்கிதே. இதுல ‘அவசர மருந்து’ன்டு மூனு பாஷையிலயும் எழுதித் தாங்க. ஐஸ் பொட்டிய வச்சிக்கிட்டு ரோட்டுல நின்டு நின்டு பதில் செல்ல ஏலாது.”

சிவப்புப் பெயின்றில் எழுதிக் கொடுத்தேன். அதை வேனின் முன் கண்ணாடிக்குள் சாத்தி வைத்தார். அடுத்த வாரமே தெரிந்தது: அந்தப் பலகையைப் பார்த்தால் சந்தியில் பஸ் ஒதுங்குகிறது. பெரஹரா ஊர்வல நாளில் கயிறு கட்டிய ரோட்டில்கூடக் கயிற்றைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

மற்றவர்கள் என்னிடம் வந்தார்கள். “நமக்கும் ஒண்ணு எழுதுப்பா. நாமளும் எப்பயாவது மருந்து ஏத்துவோம்தானே?” எழுதினேன். எல்லோருக்கும் எழுதினேன். கடைசியில் எனக்கும் ஒன்று. மருந்து ஏற்றாத நாளில் பலகை குப்புறக் கிடக்கும். நேரம் நெருக்கினால் ஒரு கையால் திருப்பி நிமிர்த்திவிடுவோம். ‘போர்டைத் திருப்பிட்டு வந்தேன்’ என்று சொல்லிச் சிரிப்பது எங்களுக்குள் வழக்கமாகிப் போனது. கல்யாணக் கேக், அச்சகத்து நோட்டீஸ், பூமாலை, போட்டோப் பிரதிப் பெட்டி எல்லாம் என் எழுத்துக்குப் பின்னால் மருந்தாகப் போயின.

நானாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தடவை என் வேன் கண்ணாடியைத் தட்டி, “ஒங்கட ஏத்தம் என்னா மருந்து, குருனாகல் மாம்பழமா?” என்று கேட்டார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை அன்றைக்குக் கவனிக்கவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு ஒரு போன். தெல்தெனியவுக்கு மேலே மலையில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர். தொழிற்சாலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தரை அப்படிச் சொல்வோம். கொழுந்து வாட்டும் பெரிய காற்றாடியின் பேரிங் உடைந்துவிட்டது. கட்டுகஸ்தோட்டை வேர்க்‌ஷொப்பில் புதியது ஒன்று தயாராக இருக்கிறது.

“தம்பி, நேத்துப் பறிச்ச கொழுந்து அவ்வளவும் சூடேறிக்கிட்டிருக்கு. ரெண்டு மணிக்குள்ள பேரிங் வரலன்னா கறுத்துப் போயிடும். முடியுமா முடியாதா?”

“மழை எப்படிங்க ஐயா, அங்க?”

“மழைதான். மழை எப்ப இல்ல இங்க? முடியுமா?”

முடியும் என்றேன். நம் தொழிலில் நாம் விற்கிற சாமான் அந்த ஒரு சொல்தான். முடியாது என்று சொன்னால் அடுத்த தடவை அந்தப் போன் வேறொருவனுக்குப் போகும் என்ற பயம், மலையைப் பற்றிய பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. உங்களுக்கும் இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள்.

பேரிங் ஒரு மரப்பெட்டியில் இருந்தது. தேங்காய் மூட்டை அளவு பாரம். ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். தெல்தெனிய தாண்டியதும் மழை தூறலாகி, தூறல் மூடுபனியாகி, பகல் பதினொன்றரைக்கே முன்விளக்கைப் போட வேண்டியிருந்தது. மலை ரோட்டில் ஏறி இரண்டு மைல் போனதும் எதிரே இரண்டு தார்ப் பீப்பாய்களும் ஒரு மூங்கிலும். ரோடு மூடியிருந்தது.

என் இடது கை தானாகப் போய்ப் பலகையை நிமிர்த்தியது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கியர் மாற்றுவது போல அது பழகியிருந்தது.

ஒரு சார்ஜன் மழைக்கோட்டோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும். சிங்களவர். கண்ணாடி வழியாகப் பலகையைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. கோபம் வரும் என்று நான் பயந்த இடத்தில் ஆறுதல் வந்தது.

“மருந்தா? ஹரி, ஹரி” என்றார், சிங்களத்தில் சரி, சரி என்று. “ ஆஸ்பத்திரியால மூனு தடவ கோல் பண்ணிட்டாங்க. இன்னைக்கு வேற ஆளா? ஏன் இவ்வளவு லேட்?”

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று அந்த நேரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

அவர் மூங்கிலைத் தூக்கினார். “மேல ரெண்டாவது வளைவுல மண் லேசா வந்திருக்கு. நிப்பாட்ட வேணாம். மலைப் பக்கம் போக வேணாம், பள்ளத்துப் பக்கமாவே போங்க. நான் மேல லயத்துக்குச் சொல்றேன், மருந்து வேன் வருதுன்னு. மாட்டினா அவங்க வந்து உதவி செய்வாங்க.” போகும்போது வேனின் பக்கவாட்டை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார்.

அந்த இரண்டு தட்டு எனக்கு இன்னமும் கேட்கிறது.

பீப்பாய்களுக்கு அப்பால் ஒரு வாகனமும் இல்லை. மனித சத்தமும் இல்லை. வலது பக்கம் மலை, இடது பக்கம் பள்ளம். இரண்டையும் மூடுபனி மறைத்திருந்தது. ரோட்டில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. முதல் வளைவைக் கடந்தேன். இரண்டாவது வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு மண். அதில் ஏற்கனவே ஒரு டிரக்டர் போன தடம் இருந்தது. நிறுத்தாமல் போனால் தாண்டிவிடலாம் என்று நினைத்து வேனை விட்டேன். முன் சக்கரம் தாண்டியது. பின் சக்கரம் தாண்டவில்லை. அக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேன் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு இறங்கியது. வேனின் முன்பக்கம் சறுக்கி ரோட்டுக்குக் குறுக்காகத் திரும்பி நின்றது.

எஞ்சினை நிறுத்தினேன். அப்போதுதான் மலையின் சத்தம் கேட்டது. எங்கோ மேலே தண்ணீர் விழுகிற சத்தம். இடையிடையே ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஒரு சின்னக் கல் உருண்டு வந்து வேன் கூரையில் பட்டுப் பள்ளத்துக்குள் போனது. அது அடியில் விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவேயில்லை.

இறங்கி ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. கதவுக் கைபிடியில் கையை வைத்தேன். அப்போது மூடுபனிக்குள்ளிருந்து குரல்கள்.

“அந்தா நிக்கிது! மருந்து வேன்! வாங்க, வாங்க, சுருக்கா வாங்க!”

ஐந்து பேர். நான்கு ஆண்கள், ஒரு பெண். மண்வெட்டி, கொழுந்துச் சாக்கு, ஒரு பலகைத் துண்டு எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். முன்னால் வந்தவர் தங்கராசு. தோட்டத்தில் கான் வெட்டுகிற வேலை, அதாவது மலையில் மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்களைத் தோண்டித் துப்புரவாக்குவது. பெண்ணை எல்லோரும் மாரியாயி அக்கா என்றார்கள். மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். கால் வெறுங்கால்.

“நீங்க உள்ளயே இருங்க தம்பி, எறங்காதீங்க. ஸ்டேரிங்க மட்டும் புடிங்க” என்றார் தங்கராசு. “டேய், சாக்க சக்கரத்துக்கு அடியில போடு. அக்கா, நீங்க தள்ளி நில்லுங்க.”

“நான் ஏன் தள்ளி நிக்கணும்? எம் புள்ளைக்குத்தானே மருந்து.” அக்கா வேனின் மலைப் பக்கத்தில் வந்து தோளைக் கொடுத்தார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். “மகளுக்குப் புள்ள பொறந்து நாலு நாளுங்க. அவளுக்குக் காச்சல் விடல. ஆஸ்பத்திரியில மருந்து முடிஞ்சி போச்சாம். கண்டிக்கு ஏத்திக்கிட்டுப் போகலாம்னா ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சி. இன்னைக்கு மருந்து வரும்னு டொக்டர் சொன்னாரு. நான் காலையில இருந்து ரோட்டையே பாத்துக்கிட்டிருக்கேன். செவப்பு எழுத்தப் பாத்ததும்தான் உசுரு வந்திச்சி.”

என் முதுகுக்குப் பின்னால், மரப்பெட்டியில், பேரிங்.

“ஒண்ணு, ரெண்டு, தள்ளு!”

தள்ளினார்கள். வேன் ஒரு சாண் ஏறி மறுபடியும் சரிந்தது. இன்னொரு கல் வந்தது. இது தேங்காய் அளவு. யார் மேலும் படவில்லை. ஒருவர் சிரித்தார். “மலையம்மா வெளையாடுறா.” மறுபடியும் தள்ளினார்கள்.

நான் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், நீங்களும் ஒருநாள் இப்படிக் கணக்குப் போடுவீர்கள். இன்னும் பத்து நிமிடம் தள்ளினால் வேன் ஏறிவிடும். ஏறினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தாமல் போய்விடலாம். உண்மையைச் சொன்னால் வேன் இங்கேயே கிடக்கும், அடியும் விழும். பத்து நிமிடம்தானே? இத்தனை நேரம் விழாத மலை பத்து நிமிடத்தில் விழப்போகிறதா?

அப்போது தங்கராசு கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“ஊத்து சத்தம் கேக்கல.”

“மழை கொறஞ்சிருக்கும் அண்ணே.”

“மழை கொறையல. பாரு, இன்னும் பேயுது. மேல ஊத்து நின்னு போச்சி. காலையில கலங்கித் தண்ணி வந்திச்சி, இப்ப தண்ணியே இல்ல. எங்கயோ உள்ள தேங்குது.” கான் வெட்டுகிறவர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்: மலை சரியப்போகிறது. பிறகு அவர் தன் சாரத்தை மடித்துக் கட்டினார். “சரி. மருந்து போயே ஆகணும். சுருக்கா முடிப்போம். மூச்சுப் புடிச்சித் தள்ளுங்க.”

அவர்கள் பயப்படாமல் இல்லை. மலையின் சத்தம் நின்றது தெரிந்தும், எல்லோரும் வேனின் மலைப் பக்கத்துக்கே திரும்பி வந்தார்கள்.

“வேணாம்” என்றேன். கதவைத் திறந்து இறங்கினேன். “வேணாம் அண்ணே, விடுங்க. எல்லாரும் போங்க. வேன் கெடக்கட்டும்.”

“என்னா தம்பி பயந்துட்டீங்களா? பயப்புடாதீங்க. நீங்க ஏறுங்க.”

“விட்டுட்டுப் போங்க அக்கா, ஒங்களக் கும்புடுறேன்.”

“மருந்த வுட்டுட்டு எப்பிடிப் போறது?” என்றார் மாரியாயி அக்கா. “பொட்டியக் குடுங்க, நான் தலையில வச்சித் தூக்கிக்கிட்டுப் போறேன்.”

“மருந்து இல்லக்கா.”

யாரும் நம்பவில்லை. தங்கராசு என் தோளில் கையை வைத்தார். “எங்களுக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னு சொல்றாரு. நல்ல புள்ள. டேய், புடிங்கடா.”

என் வாழ்க்கையில் அதைவிடப் பயங்கரமான ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. நான் எழுதிய பொய்யை, என் வாயாலேயே இல்லை என்று சொன்ன பிறகும் அவர்கள் விடவில்லை. எழுதியிருந்தது அல்லவா? ஓடிப்போய்ப் பின்கதவைத் தூக்கினேன். மரப்பெட்டியின் மூடியை வெறுங்கையால் பிடுங்கினேன். ஆணி கிழித்தது. கிரீஸ் பூசிய பேரிங் மழையில் பளபளத்தது.

“இதுதான் ஏத்தினேன். ஃபெக்டரிக்கு. போர்டு சும்மா. வழி விடுறதுக்கு வச்ச போர்டு. மருந்து இல்ல. ஓடுங்க!”

ஒரு நொடி. இரண்டு நொடி. தங்கராசு கையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். “பேசிக்கிட்டு நிக்க நேரமில்ல. எல்லாம் மேல ஓடுங்க!” என்று கத்தினார். மாரியாயி அக்கா மட்டும் நகரவில்லை. பேரிங்கைத் தொட்டுப் பார்த்தார். கையில் ஒட்டிய கிரீஸை முகர்ந்து பார்த்தார். தங்கராசுதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். நான் கடைசியாக ஓடினேன். அடுத்த வளைவில், பாறை உள்ள இடத்தில், ஆறு பேரும் மூச்சிரைக்க நின்றோம்.

மலை விழவில்லை.

கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். விழவில்லை. தங்கராசுடன் வந்த ஒருவர் காறித் துப்பினார். “படிச்சவனுங்களாம். தூ!” இன்னொருவர், “எங்கட பொணத்து மேல மெஷின் சாமான் ஏத்தப் பாத்தியா நீ?” என்றார். அக்கா திட்டவே இல்லை. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அப்ப மருந்து எப்ப வரும்?”

அந்தக் கேள்வியில்தான் இன்னொன்று எனக்கு உறைத்தது. மருந்து வரும். சார்ஜன் காத்திருந்தது ஒரு உண்மையான மருந்து வேனுக்கு. இந்தப் பக்கத்துக்கு மருந்து ஏற்றுகிறவர் ஒருவர்தான். அவர் பலகையோடு வருவார். என்னை விட்டதுபோல அவரையும் விடுவார்கள். மூடுபனிக்குள் வந்து, ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கும் என் வேனுக்குப் பின்னால், சரியாக அந்த மலைக்கு அடியில், பிரேக் போட்டு நிற்பார்.

போனை எடுத்தேன். ஒரே ஒரு கோடு சிக்னல். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

“நானா, எங்க நிக்கிறீங்க?”

“இந்தா, மேல ஏறிட்டேன். முன்னுக்குப் பீப்பா வச்சிக்கிது. ஏன்?”

“நில்லுங்க! அங்கயே நில்லுங்க. தாண்டி வராதீங்க.” சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“சார்ஜன்ட கையில போனக் குடுக்கிறேன்” என்றார் நானா. “இதையே அவருக்கிட்டயும் செல்லுங்க.”

சார்ஜனிடமும் சொன்னேன். அவர், யாரும் ரோட்டில் இறங்கக் கூடாது, வேனை எடுக்கவும் போகக் கூடாது, மேல் பாதையால் நடந்து வந்து மருந்தை எடுத்துப் போங்கள் என்றார். தேயிலை மலைக்குள்ளே ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. சுற்றுவழி. இறங்க ஒரு மணி, ஏற ஒன்றரை மணி. வேன் குறுக்கே கிடக்காமல் இருந்திருந்தால், சார்ஜன் வாகனத்தை நிறுத்தாமல் விட்டிருந்தால், பத்து நிமிடத்துப் பயணம். அந்தப் பெண்ணின் இரண்டரை மணி நேரத்தை நான் எடுத்துவிட்டேன்.

“நான் போறேன்” என்றேன்.

“நீ ஒத்தையில போனா நம்ப முடியாது” என்றார் தங்கராசு. என்னோடு வந்தார். இறங்கி முடியும்வரை என்னோடு பேசவில்லை. அட்டை கடித்தபோது ஒரு தடவை மட்டும் தன் சுண்ணாம்பு டப்பாவை என் பக்கம் நீட்டினார்.

கீழே போனபோது பீப்பாய்க்கு முன்னால் நானாவின் வேன் நின்றது. கண்ணாடிக்குள் என் எழுத்து. சார்ஜன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நானாவிடம், “பின் கதவத் தொறங்க” என்றார்.

“மஹத்தயா, எத்தன வருஷமா நீங்க என்னயக் காணுறீங்க? ஒரு நாளாவது தொறக்கச் செல்லியிக்கிறீங்களா?”

“தொறங்க.”

நானா திறந்தார். சார்ஜன் ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கிக் குப்பிகளைப் பார்த்து, கடதாசியோடு ஒப்பிட்டு, மூடியை வைத்தார். நானா தன் பலகையை எடுத்து, திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய இருக்கைக்கு அடியில் தள்ளினார். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: “இனி நான் மருந்து கொண்டு வந்தாலும் மருந்தில்ல தம்பி.”

உங்களுக்குச் சில விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் விடியற்காலை அந்த மலை சரிந்து வந்தது. என் வேனும் போனது. ரோட்டில் ஒருவரும் இருக்கவில்லை. பாலத்தடியில் சிலர் இன்னமும் கேலி செய்வார்கள்: “நீ இன்னும் பத்து நிமிஷம் வாய மூடிக்கிட்டிருந்திருந்தா வேனும் தப்பியிருக்கும், ஹயரும் முடிஞ்சிருக்கும்.” உண்மைதான். அன்றைக்கு மலை விழவில்லை. பத்து நிமிடத்தில் நான் தப்பியிருப்பேன். அதனால்தான் இந்தத் தொழிலில் பயப்பட வேண்டியது மலைக்கு அல்ல என்கிறேன். தப்பிய ஒவ்வொரு தடவையும் நாம் கெட்டிக்காரர்கள் ஆகிவிடுகிறோம். எட்டுப் பலகைகளோடு நாங்கள் எத்தனை தடவை அப்படித் தப்பினோம் என்று கணக்கே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இன்னொருவரின் வேனை ஓட்டினேன். மழை நாளில் வெட்கப்படாமல் நிறுத்திவிடுவேன். பிறகு ஸ்டேரிங்கை விட்டுவிட்டேன். இப்போது சங்கத்தில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முடியுமா முடியாதா என்று கேட்டு வருகிற அழைப்புகளுக்கு, உங்களுக்குப் பதிலாக ‘முடியாது’ என்று சொல்வதற்குத்தான் நீங்கள் எனக்குச் சம்பளம் தருகிறீர்கள். தயவுசெய்து அந்தச் சொல்லை என்னிடமிருந்து கேட்டு வாங்குங்கள். ரோடு மூடியிருந்தால் நிற்கிறவரிடம் உங்கள் ஏற்றத்தை அவர் கேட்காமலே திறந்து காட்டுங்கள். திரும்பிப் போ என்று அவர் சொன்னால், அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

மாரியாயி அக்காவின் மகள் பிழைத்துக்கொண்டாள். காய்ச்சல் இரண்டாம் நாள் இறங்கியதாக நானாதான் விசாரித்துச் சொன்னார். பிள்ளையும் நலம். ஆனால் அன்று மாலை எங்களுக்கு அது தெரியாது.

அன்று மாலை, தங்கராசுவும் நானும் மாறி மாறித் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. கடைசி ஏற்றத்தில் பெட்டி என் தலையில் இருந்தது. வராந்தாவில் மிஸ்ஸி ஒருவர் ஓடிவந்தார். ஆஸ்பத்திரித் தாதிகளை நாம் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? மழையில் நனைந்து, சேறாகி, கையில் ரத்தம் காய்ந்து நின்ற என்னைப் பார்த்து அவருடைய கண் கலங்கிவிட்டது.

“ஐயோ, கடவுளே, நடந்தா கொண்டு வந்தீங்க? நீங்க நல்லா இருக்கணும் தம்பி” என்று இரண்டு கையையும் நீட்டிப் பெட்டியை வாங்கி உள்ளே திரும்பினார்.

வாசல் தூணோடு சாய்ந்து மாரியாயி அக்கா நின்றிருந்தார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார். விரல்களில் அந்தக் கிரீஸ் இன்னும் போகவில்லை. என்னைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“மிஸ்ஸி, கொஞ்சம் நில்லுங்க. மொதல்ல தொறந்து பாருங்க.”